சென்னை முறை கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார்

முன்னுரை

மேலைமலைத் தொடர் ஒருபாலும் மேகமலை மற்றொருபாலும் அரணென நிற்ப, நடுவே முல்லையாற்று நீர் பாயும் வளநிலம் நமது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்காகும். நெல்லும் வாழையும் திராட்சையும் மலிந்த இந்நிலத்தில், கதிரவன் தோன்றுமுன்னரே கூடலூர், கம்பம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களினின்றும் ஆடவரும் பெண்டிரும் ஜீப்புக்களில் ஏறி, மலைகடந்து கேரள நாட்டு ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர். பொழுது சாயும் வேளையிலேயே அவர்கள் வீடு திரும்புகின்றனர். அவர்தம் மக்கள் பள்ளியிற் கேட்ட பாடத்தை வீட்டில் மீண்டும் சொல்லிக் கொடுப்பார் எவர்? தந்தையும் தாயும் எழுத்தறியாராயின் அக்குழந்தைக்குப் பள்ளியொன்றே துணை. ஆனால் பள்ளியிலோ ஆசிரியர் ஒருவர், மாணவரோ பலர், பாடநூலோ யாவர்க்கும் ஒன்று. ஒரு சிறுவன் நூலைத் தடையின்றிப் படிக்க, அவனருகிலிருப்பவன் எழுத்துக்கூட்டவும் இயலாது விழிக்கின்றான். முன்னவனை நிறுத்திவைத்தலும் தகாது. பின்னவனை விட்டுச் செல்லுதலும் தகாது. என் செய்வது?

இவ்வினா இன்று தோன்றியதன்று. இருநூற்று முப்பது ஆண்டுகட்கு முன்னரே நம் சென்னைமா நகரில் இவ்வினாவை எதிர்கொண்டு, தமிழரது திண்ணைப் பள்ளியை நோக்கி விடை தேடி, அவ்விடையை உலகெங்கும் பரப்பிய பெரியார் ஒருவர் உளர். அவரே ஆண்ட்ரூ பெல் பாதிரியார். கல்வியுலகில் அவர் பெயரை அறியாதார் இலர். எனினும் அவர் புகழுக்கு வித்தூன்றிய மண் தமிழ்மண் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். ஆதலின் அன்னார் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதன்வழி நாம் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் இவையெனக் காண முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து தேசத்திலே, கடற்கரையை அடுத்துள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பதியில், 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் பெல் பிறந்தார். அவர் தந்தையார் முடிதிருத்தும் தொழிலினர். எனினும் பற்பல கலைகளில் ஆர்வமுடையவர். இளம்பெல் பள்ளிக்குச் சென்ற காலத்தில் பிரம்பே ஆசிரியரின் முதற்கருவி. நெட்டுருப் பண்ணுதலில் வல்லவரல்லாத பெல், பிரம்படிக்கு அஞ்சி நடுங்கியவாறே பள்ளி சென்றார் என்பர். அச்சம் அறிவுக்குப் பகை என்னும் எண்ணம் அவ்விளவயதிலேயே அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது போலும்.

பின்னர் அவ்வூர்ச் சர்வகலாசாலையிற் பயின்று, கணிதத்திலும் இயற்கைப் பொருள் நூலிலும் தேர்ச்சி பெற்றார். 1774-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று செல்வர் மனையில் ஆசிரியராய் அமர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நிகழ்ந்த அக்காலத்தில் ஆங்கு ஏழாண்டுகள் கழித்து, 1781-இல் தாயகம் திரும்பினார். திரும்பும் வழியில் அவரேறிய கலம் உடைந்து, அவர் உயிர்தப்பியதே அரிதாயிற்று. அதன்பின் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றுச் சிலகாலம் லீத் துறைமுக நகரில் இறைபணி புரிந்தார்.

சென்னைக்கு வருதல்

1787-ஆம் ஆண்டு பெல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா செல்லுதலே அவர் கருத்து. ஆயினும் இடையே இறங்கிய சென்னையே அவரைத் தன்பால் நிறுத்திக் கொண்டது. ஆங்குக் கும்பினியாரின் படைப்பிரிவுகள் பலவற்றுக்கும் அவர் குருவானவராக நியமனம் பெற்றார். இப்பதவிகளால் அவருக்குப் பெரும்பொருள் சேர்ந்தது.

அக்காலத்தில் ஐரோப்பியப் போர்வீரர்க்கும் இந்நாட்டுப் பெண்டிர்க்கும் பிறந்த பிள்ளைகள் பலர் ஆதரவற்று அலைந்தனர். தந்தையர் போரில் மாண்டனர். அன்றேல் நாடு திரும்பினர். இப்பிள்ளைகளைப் பேணுதற்பொருட்டு 1789-ஆம் ஆண்டு எழும்பூரில் இராணுவ ஆண்பிள்ளைகள் ஆதரவுச்சாலை நிறுவப் பெற்றது. அதன் மேற்பார்வை பெல்லிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கென வகுத்த ஊதியத்தை ஏற்க அவர் மறுத்துவிட்டார். பொருளீட்டுதலில் விருப்பமிலரென அவரைக் கூறுதல் இயலாது. எனினும் இப்பணியை மட்டும் அவர் கூலிக்குச் செய்யவில்லை என்பது உண்மை.

மணலில் எழுதிய எழுத்து

சாலையில் ஆசிரியர் சிலரே இருந்தனர். அவர்களும் பழைய வழியையே பற்றி நின்றனர். கீழ்வகுப்புச் சிறுவர் திங்கள் பலவாகியும் அரிச்சுவடியைக் கடந்திலர். அவர்களை மந்தமதியினர் என்று ஆசிரியர் கைவிட்டனர். பெல்லின் உள்ளம் இதனை ஒப்பவில்லை. கற்பிக்கும் வழியிலேயே குற்றம் உளது என்று அவர் கருதினார்.

ஒருநாட் காலையில் அவர் குதிரையேறிச் செல்லுங்கால், தமிழ்ப்பள்ளி ஒன்றைக் கண்ணுற்றார். தமிழரை மலபாரியர் என்று வழங்கிய காலம் அது. ஆதலின் அவர் அதனை மலபார்ப் பள்ளி என்றே குறித்தார். ஆங்கே சிறுவர் நிலத்தில் அமர்ந்து, பரப்பிய மணலின்மேல் விரலால் எழுத்துக்களை வரைந்து கொண்டிருந்தனர். தாளும் வேண்டா, மையும் வேண்டா, பிழைத்தால் கையால் அழித்து மீண்டும் எழுதலாம். கண்ணும் கையும் நாவும் ஒருங்கே தொழில்புரிந்தன. இக்காட்சி பெல்லுக்குப் புத்தொளியாகத் தோன்றியது.

உடனே எழும்பூர் மீண்டு, கீழ்வகுப்பு ஆசிரியரை நோக்கி அவ்வாறே மணலில் கற்பிக்குமாறு பணித்தார். அவரோ அஃது இயலாதென்று தட்டிக் கழித்தார். பெல் வாளாவிருந்திலர். ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், சாதாரணப் போர்வீரனின் மகன், அறிவுக்கூர்மையுடையவனாய் அச்சாலையில் இருந்தான். அவனை அழைத்து, அக்கீழ்வகுப்புக்கு அவனையே ஆசிரியனாக்கினார். பெரியவர் இயலாதென்றதைச் சிறுவன் செய்து முடித்தான். மணலில் அரிச்சுவடி விரைந்து ஏறிற்று. பின்னும் சில ஆண்டுகளில் அவன் பல வகுப்புக்களையும் உதவியாளர் பலரையும் மேற்பார்க்கும் நிலையை அடைந்தான்.

மணலெழுத்தைத் தமிழ்ப்பள்ளியினின்றும் கொண்டதாகப் பெல்லே எழுதியுள்ளார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் வழியையும் அவர் ஆங்கே கண்டனரோ என்பது பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். எனினும் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஏனையோர்க்குப் பாடஞ் சொல்லிவைத்தல் நெடுநாளைய வழக்கமே. 1623-ஆம் ஆண்டிலேயே பியெத்ரோ டெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர், கன்னட நாட்டில் சிறுவர் சிலர் ஆசிரியரின்றித் தமக்குள்ளே ஒருவர்க்கொருவர் உதவிக் கணக்கை மணலில் எழுதிக் கற்றதைக் கண்டு வியந்து எழுதிப் போந்தார். ஆகவே பெல் கண்டது புதுப்பொருளன்று. பழம்பொருளின் அருமையைக் கண்டு, அதனை ஒழுங்குபட வகுத்ததே அவர் செய்த அருஞ்செயல்.

முறையின் அமைப்பு

இனி, அம்முறை யாங்ஙனம் அமைந்தது என்பதனைச் சிறிது விரித்துரைப்போம். இதுவே அவர் வாழ்வின் சாரமாம்.

முதலாவது, வயது கருதாது தேர்ச்சி கருதியே சிறுவர் வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு வகுப்பினர் யாவரும் ஏறத்தாழ ஒரே நிலையினர். இரண்டாவது, ஒவ்வொரு வகுப்பும் இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டது. வல்லவன் ஒருவன் மெலியவன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்து, அவன் பாடத்துக்குப் பொறுப்பாளியானான். மூன்றாவது, வகுப்பு முழுமைக்கும் துணையாசிரியனாக ஒரு சிறுவனும், அவனுக்கு மேல் ஆசிரியனாக மற்றொரு சிறுவனும் நின்றனர். இவர்க்கு மேலேதான் ஊதியம் பெறும் உபாத்தியாயரும், அவர்க்கு மேற்பார்வையாளரும் இருந்தனர். எனவே தடுமாறும் சிறுவனுக்கு முதலுதவி அருகிருக்கும் தோழனிடமே கிடைத்தது. அதுவும் போதாதாயின் துணையாசிரியன் வந்தான். அவனாலும் தீராததே பெரியவரிடம் சென்றது. நோயின் அளவறிந்து மருந்தளித்தல் போல்வது இஃது என்க.

பாடங்களும் இதற்கேற்பவே அமைந்தன. ஒவ்வொரு பாடமும் சிறியது, எளியது. ஒன்றைச் செவ்வனே கற்றபின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வகுப்பும் நாடோறும் எத்துணைப் பாடம் கற்றது என்பது ஏட்டில் பதியப்பட்டது. ஆகவே யாவர் பின்தங்கினர் என்பது ஆண்டிறுதிப் பரீட்சையில் அன்று, அன்றன்றே வெளிப்பட்டது.

வகுப்பில் முதலிடத்தில் நிலைத்து நின்றவன் மேல்வகுப்புக்கு ஏற்றப்பட்டான். ஆங்குச் சின்னாள் சோதித்து, அவ்வகுப்பினரோடு ஒக்க நடக்க வல்லனாயின் நிலைத்தான், அன்றேல் மீண்டான். கடையிடத்திலேயே கிடந்தவன் கீழ்வகுப்புக்கு இறக்கப்பட்டு, விடுபட்டதைக் கற்று மீண்டும் ஏறினான். இறங்குதல் தண்டனையாகக் கருதப்படவில்லை. தனக்குரிய படியில் கால்வைத்து மீண்டும் ஏறுதற்கு வழியாகவே கொள்ளப்பட்டது. பிரம்புக்கும் பெல் இயன்றமட்டும் இடங்கொடுத்திலர். பிழைகள் ஒரு கறுப்பு ஏட்டில் பதியப்பெற்று, வாரமொருமுறை யாவர் முன்னும் படிக்கப்பட்டன. பிழை செய்தவனது குற்றத்தை அவன்றன் தோழரே நடுநின்று ஆராய்ந்தனர். இளமையில் நடுங்கிப் பள்ளி சென்றவர் தம் பள்ளியில் அந்நடுக்கத்தை ஒழிக்க முயன்றார்.

இதன் பயன் யாது? அநாதைப் பிள்ளைகளென இகழப்பட்டோர் பலர் கணக்கராகவும் பிற தொழிலினராகவும் உயர்ந்தனர். திப்பு சுல்தானின் மைந்தரிருவர் பிணையாக இருந்து 1794-ஆம் ஆண்டில் தந்தையாரிடம் மீண்டபோது, அத்தூதுக் குழுவினருடன் வில்லியம் ஸ்மித் என்னும் எழும்பூர்ச் சாலை மாணவன் உடன் சென்றான். அறிவியற் கருவிகளைச் சுல்தானுக்குக் காட்டி, அவற்றின் இயல்பைச் செய்து விளக்கும் பொறுப்பு அவனுடையது. எவரும் வேண்டாத பிள்ளை ஓர் அரசவையில் ஆசிரியனாய் நின்ற காட்சியை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் பரவுதல்

உடல்நலம் குன்றியமையால் 1796-ஆம் ஆண்டு பெல் சென்னையை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு, எழும்பூரிற் செய்த கல்விப் பரிசோதனையை விளக்கி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1798-இல் இலண்டன் ஆல்ட்கேட்டிலுள்ள செயிண்ட் பொடால்ஃப் பள்ளி இதனை மேற்கொண்டது. இஃது எங்கும் சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் சபை இளைஞர், இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தகைய முறையில் பள்ளியொன்றை நடத்தி வந்தார். முறையை முதலிற் கண்டவர் யார் என்பதில் இருவர் கட்சியினர்க்கும் பெரும்பூசல் விளைந்தது. இங்கிலாந்துத் திருச்சபையார் பெல்லின் பக்கமும், ஏனைச் சபையார் லங்காஸ்டரின் பக்கமும் சார்ந்தனர். 1811-ஆம் ஆண்டு திருச்சபையார் தேசியக் கல்விச் சங்கம் நிறுவிப் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பினர். கிறிஸ்துவின் பெயரால் ஏழைக்குக் கல்வியளிக்க முற்பட்ட இருதிறத்தாரும் தம்முட் பகைத்தது வருந்தத்தக்கதே. எனினும் அப்போட்டியால் பள்ளிகள் பெருகின. பெல் இறக்குங்கால் பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலுமாக ஏறக்குறைய 12,000 பள்ளிகள் அவர் முறையைத் தழுவி நின்றன.

ஈண்டு மற்றொன்றும் கூறத்தகும். சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு இம்மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1826-இல் வெளிப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 கல்விச் சாலைகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலான திண்ணைப் பள்ளிகளே. கடன் கொடுத்த நாட்டிலும் கடன் கொண்ட நாட்டிலும் பள்ளிகளின் தொகை ஏறக்குறைய ஒத்திருந்தமை வியப்பன்றோ!

குணமும் குற்றமும்

பெரியாரது வரலாறு எழுதுவோர் குணத்தை மட்டும் கூறிக் குற்றத்தை மறைத்தல் முறையன்று. பெல்லின் முறை இங்கிலாந்திற் பரவியபோது அதன் உயிர் குறைந்து உருவம் மட்டும் எஞ்சியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்க்குக் கற்பிக்கலாம் என்னும் சிக்கனமே பலர்க்கு இனித்தது. சிறுவர் சிறுவர்க்குச் சொல்லிவைத்தது பொருளறியா நெட்டுருவாய்ச் சுருங்கிற்று. பயிற்சி பெற்ற ஆசிரியரின் இடத்தைச் சிறுவன் நிரப்ப இயலாது என்பது நாளடைவில் தெளிவாயிற்று. 1846-ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசினர், ஊதியமும் ஒழுங்கான பயிற்சியும் பெறும் மாணவ ஆசிரியரை நியமிக்கும் வேறு முறையை மேற்கொண்டனர்.

இதனினும் பெருங்குற்றம் ஒன்று உளது. ஏழை மக்கள் யாவரும் எழுத்தும் கணக்கும் கற்றல் வேண்டுவதில்லை. வேதத்தைப் படிக்கும் அளவே அமையும் என்னும் கருத்தைப் பெல் தம் பிற்கால நூலொன்றில் வெளியிட்டார். எழும்பூரில் அநாதைச் சிறுவனுக்கு அறிவியற் கருவிகளையும் கற்பித்தவர், இங்கிலாந்தில் ஏழைச் சிறுவனுக்குக் கணக்கும் வேண்டாவென்றார்! ஏணி அமைத்தவரே அதன் மேற்படிகளைச் சிலர்க்கு அடைத்துவிட்டார். படிப்படியாக உதவும் முறைக்கு என்றும் நேரக்கூடிய ஆபத்து இதுவே. பின்தங்கியவனுக்கென வகுத்த கீழ்ப்படி, அவன் என்றும் உறையும் இடமாக மாறுமாயின், அஃது ஏணியன்று, வேலியாகும்.

நம் திண்ணைப் பள்ளியும் இக்குற்றத்துக்குப் புறம்பானதன்று. அதன் திண்ணையில் தாழ்த்தப்பட்ட மக்கட்கும், பெரும்பாலான பெண்மக்கட்கும் இடமில்லாதிருந்தது. மதுரை நாட்டில் 1834-ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனார், பெரியகுளம் முதலிய இடங்களில் நிலையங்கள் அமைத்துப் பள்ளிகள் நடத்தியபோது, அவ்விடத்தை அளித்தலே அவர்தம் தலையாய தொண்டாயிற்று.

இறுதி நாட்கள்

பெல்லின் இல்வாழ்க்கை இனிதாக அமையவில்லை. 1800-ஆம் ஆண்டு மணந்த மனைவியாரைச் சில ஆண்டுகளில் பிரிந்தார். பிள்ளைகளும் இலர். இறுதிக் காலத்தில் தம் பெருஞ்செல்வத்தில் 1,20,000 பவுனைக் கல்விக்கே எழுதிவைத்தார். 1832-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆம் நாள் செல்ட்டன்ஹாம் நகரில் உயிர்நீத்தார். அவர் உடல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஆங்குள்ள நினைவுக்கல்லில் அவர் சிறுவர் நடுவே அமர்ந்திருக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அவர் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பொருளால் 1833-இல் திறந்த உயர்தரப் பள்ளி, இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்னும் பெயருடனே விளங்குகின்றது. கடல்கடந்த நாட்டில் நம் நகரத்தின் பெயர் இங்ஙனம் நிலைத்திருக்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

பெல் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிரம்பப் போகின்றன. அவர் எண்ணம் வேறு பெயர்களில் நம் நாட்டுக்கே மீண்டு வந்துளது. 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், சிறுவர் ஏணிப்படி போன்ற வரிசையில் அட்டைகளைக் கொண்டு கற்றனர். ஆசிரியர் முழுதும் உதவும் குழு, ஒருபகுதி உதவும் குழு, தோழர் உதவும் குழு, தானே கற்கும் குழு எனப் பகுத்து அமர்த்தப்பட்டனர். கொரோனா நோயால் பள்ளிகள் மூடுண்டு கல்வி தடைப்பட்டபின், 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தில் தன்னார்வலர் மாலைதோறும் ஊர்ப்பிள்ளைகளை அழைத்துப் பாடஞ் சொன்னார்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமோ, தொடக்க வகுப்புச் சிறுவரை அவரவர் கற்ற அளவு நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராக வகுத்துக் கற்பிக்கின்றது. எத்துணை அழகிய பெயர்கள்! அரும்பு இழிந்ததுமன்று, மலர் உயர்ந்ததுமன்று. அரும்பே மொட்டாகி மலராகும். ஆயின் நீரின்றி எவ்வரும்பும் தானே மலர்வதில்லை.

அந்நீர் யாது? உரிய காலத்தில், உரிய அளவில், அன்புடன் அளிக்கும் உதவியே. ஏலத்தோட்டத் தொழிலாளியின் பிள்ளை அரும்பு நிலையில் இருப்பது அதன் மதிக்குறைவால் அன்று; மாலையில் அதனருகே அமர்ந்து பாடங் கேட்பார் இன்மையால். நோயறிந்தாயிற்று, வகுப்பும் வகுத்தாயிற்று, அருகே அமர்வார் மட்டுமே வேண்டும். ஆசிரியரின் தொகையைக் குறைத்துச் சிக்கனம் செய்தற்கு இதனைக் கருவியாக்கல் ஆகாது. பெல்லின் முறை கெட்டது அதனாலேயே. பயின்ற ஆசிரியர்க்குத் துணையாக நிற்றலே ஏனையோர் கடமை.

மிஷன் கலாசாலையிற் பயிலும் நாம், பிறர் இட்ட விளக்கொளியில் படிப்பவர்கள். நம்முட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் எழுத்தறிந்தவர். கோடை விடுமுறையில் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் போடிக்கும் தேனிக்கும் செல்லும் நாம், நாளொன்றுக்கு ஒரு நாழிகை நம் தெருவிலுள்ள அரும்பொன்றின் அருகே அமர்தல் அரிதோ? எட்டு வயதுப் பிரிஸ்கன் செய்ததை இருபது வயதினர் செய்ய இயலாதோ? சிறியரில் ஒருவனுக்குச் செய்தது தமக்கே செய்ததாம் என்று நம் ஆண்டவர் அருளியதை நாம் மறவோமாக. மணலில் எழுதிய எழுத்து காற்றில் அழியும். அதனைக் கற்ற பிள்ளையின் உள்ளத்தில் எழுதியதோ என்றும் அழியாது.